தெருநாய் கடித்த பிறகு பயம் தெளியாத நாய்: துணைக்கு இன்னொன்று எடுக்கலாமா?

ஜனவரி 6, இரவு 9.40 | நங்கநல்லூர்

இந்தியன் ஸ்பிட்ஸ், ஆண், 6 வயது, 9 கிலோ. 12 நாள் முன்னால் காலை வாக்கிங்கில் மூன்று தெருநாய்கள் சேர்ந்து கடித்தன. முதுகிலும் பின்தொடையிலும் நாலு பல் ஓட்டை. தையல் பிரித்தாயிற்று. காயம் ஆறுகிறது, பயம் ஆறவில்லை. கேட்டைத் தாண்ட மறுக்கிறது. தெருவில் குரைப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிறது. துணைக்கு இன்னொன்று வந்தால் தைரியம் வந்துவிடும் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். தெரிந்தவர் வீட்டில் இரண்டு மாத ராஜபாளையம் குட்டி தயாராக இருக்கிறது. எடுக்கலாமா?

ஜனவரி 6, இரவு 10.15 | அண்ணா நகர்

இப்போது வேண்டாம் சார். குட்டிக்குப் பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆம் வாரம் வரைதான் எது சாதாரணம், எது ஆபத்து என்று மனதில் பதியும் காலம். மிச்சமிருக்கும் அந்த ஆறு வாரமும் நடுங்கும் பெரிய நாயைப் பார்த்தபடி வளர்ந்தால், குரைப்புச் சத்தம் என்றாலே ஆபத்து என்றுதான் அதற்குப் பதியும். தைரியம் குட்டியிடமிருந்து பெரியதற்குப் போவதைவிடப் பயம் பெரியதிலிருந்து குட்டிக்கு வருவதுதான் அதிகம்.

ஜனவரி 7, காலை 6.30 | பெரம்பூர்

இரண்டாவது நாய்ப் பேச்சைத் தள்ளி வையுங்கள். முதலில் இந்த நாய்க்கு வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாய்க்கடியில் வெளியே தெரிவது கொஞ்சம்தான். கோரைப்பல் இறங்கியதும் கடித்த நாய் தலையை உதறும். தோல் தளர்வானது, பல்லோடு சேர்ந்து நகர்ந்து கொடுக்கும். அடியில் இருக்கும் தசை நகராது, கிழியும். ஓட்டை அரை சென்டிமீட்டர் இருந்தாலும் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தசையை விட்டுப் பிரிந்திருக்கலாம். அதில் நீர் கோக்கும், சீழ் பிடிக்கும். 9 கிலோ நாயை மூன்று பக்கமும் இழுத்திருந்தால் முதுகெலும்பையும் விலாவையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். எடுத்தார்களா?

வீட்டில் பார்க்கக்கூடியது: முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கழுத்திலிருந்து வால் வரை விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் தோல் துடித்தாலோ, நாய் சட்டென்று திரும்பி உங்கள் கையைப் பார்த்தாலோ அங்கே வலி. சோபாவில் ஏறத் தயங்குவது, உட்காரும்போது ஒரு பின்காலை வெளியே நீட்டுவது, கடித்த இடத்தை விட்டுவிட்டுப் பாதத்தையே நக்கிக்கொண்டிருப்பது, இதெல்லாம் வலியின் அடையாளம்தான். உடல் சூடு 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103ஐத் தாண்டினால் அன்றே மருத்துவர்.

வலியோடு இருக்கும் நாய்க்குப் பயிற்சி ஏறாது. வெளியே போனால் கால் வலிக்கிறது, வெளியே நாய்கள் இருக்கின்றன என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அதற்காக வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஐபூப்ரோஃபென் 400 ஒன்றே இந்த எடைக்கு வயிற்றைப் புண்ணாக்கப் போதும். நாய்களுக்கென்று வேறு வலி மருந்து இருக்கிறது, எடை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

ரேபிஸ் ஊசி விஷயம் நீங்கள் எழுதவே இல்லை.

ஜனவரி 7, காலை 8.05 | நங்கநல்லூர்

நாய்க்கு வருடாந்திர ஊசி ஜூலையில் போட்டது, கடித்த அன்று பூஸ்டரும் போட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. பிரித்துவிடும்போது என் மணிக்கட்டில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது, டெட்டால் போட்டுத் துடைத்தேன். கடித்த நாய்கள் 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால் கவலையில்லை என்றார்கள். தெருவில் இன்னும் திரிகின்றன.

ஜனவரி 7, காலை 8.20 | பெரம்பூர்

சார், மற்றதெல்லாம் அப்புறம். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். 10 நாள் கணக்கு தப்பில்லை, ஆனால் அதைப் பாதியாகத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடித்த அதே நாய் என்று உறுதியாகத் தெரிந்து, அது 10 நாளும் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடச் சொல்வதில்லை. ஊசியை முதல் நாளே தொடங்கிவிட்டு நாயைக் கவனிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் மூன்று நாய்கள். மூன்றையும் அடையாளம் சொல்ல முடியுமா?

ரத்தம் வந்த கடி ரேபிஸ் கணக்கில் மூன்றாம் வகை, அதாவது ஆபத்து அதிகமான வகை. தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளேயும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்பொருள்) போடுவார்கள். முதல் ஊசி போடும் நாள்தான் 0. ஊசி தோலுக்குள் என்றால் 0, 3, 7, 28ஆம் நாள். தசையில் என்றால் 0, 3, 7, 14, 28. முன்பே முழுசாகப் போட்டுக்கொண்டவருக்கு 0, 3 மட்டும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. டெட்டால் துடைப்பு கணக்கில் வராது. கடிபட்டவுடன் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கையில் கீறல் இருந்து, உங்கள் நாயின் மேல் இருந்த தெருநாய் எச்சில் அதில் பட்டாலும் இதே கணக்குதான். 12 நாள் ஆயிற்றே, இனி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அறிகுறி வந்த பிறகுதான் ஒன்றும் செய்ய முடியாது.

ஜனவரி 7, மாலை 5.50 | நங்கநல்லூர்

இரண்டு நாய்கள் அதே நாய்கள்தான். மூன்றாவது செவலை, அதே நிறத்தில் எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் ஊசியும் இம்யூனோகுளோபுலினும் போட்டாயிற்று.

ஜனவரி 7, மாலை 6.00 | பெரம்பூர்

நல்லது. 3ஆம் நாளை மறக்காதீர்கள்.

ஜனவரி 8, காலை 7.45 | திருவான்மியூர்

கடி நடந்த தெருவைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. தெருநாய்க்குத் தெருமுனைதான் எல்லை. எல்லைக்குள் வேற்று நாய் வந்தால் முதலில் குரைப்பு, அப்புறம் துரத்தல், மூன்று நான்கு சேர்ந்துவிட்டால் கடி. நீங்கள் போனது எத்தனை மணிக்கு? விடியற்காலை 4 முதல் 6 வரையும் இரவு 10க்கு மேலும் தெரு காலியாக இருப்பதால் நாய்கள் சாலை முழுவதையும் தங்களுடையதாக வைத்துக்கொண்டிருக்கும். ஞாயிறு காலை கறிக்கடைப் பக்கம், குப்பைத்தொட்டி, குட்டி போட்ட பெட்டை இருக்கும் சந்து, பருவத்துக்கு வந்த பெட்டையின் பின்னால் ஆண் நாய்கள் கூட்டமாகத் திரியும் நாள், இவைதான் மோசமான இடமும் நேரமும்.

ஒரு காகிதத்தில் உங்கள் வீட்டைச் சுற்றி நாலு தெருவை வரையுங்கள். எந்த நாய் எங்கே படுக்கிறது, காதில் வெட்டு அடையாளம் இருக்கிறதா, எத்தனை மணிக்கு யார் சோறு வைக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறியுங்கள். உங்கள் நாயைக் கூட்டிப்போகாமல் நீங்கள் மட்டும் நடந்து பாருங்கள். காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது. இல்லாத நாய்களைப் பற்றி மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணில் சொல்லும்போது தெருப்பெயர், அருகில் இருக்கும் கடை, நிறம், பார்க்கும் நேரம், புகைப்படம் எல்லாம் கொடுங்கள். 'எங்கள் ஏரியாவில் நாய்த்தொல்லை' என்று மட்டும் பதிந்தால் வண்டி வரும்போது எந்த நாயைப் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

பிடித்துக்கொண்டு போய் எங்காவது விட்டுவிடச் சொல்லி அண்டைவீட்டார் வற்புறுத்துவார்கள். 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவு, ரேபிஸ் உள்ளதையும் மூர்க்கமாக நடந்துகொள்வதையும் மட்டும் விலக்கி, மற்றவற்றுக்கு இதையே சொன்னது. சோறு வைப்பதும் குறித்த இடத்தில்தான் என்றது. எனவே மூன்றும் சேர்ந்து துரத்தியதை, தேதி, நேரம், மருத்துவர் சீட்டு எல்லாம் வைத்து மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்குப் பலன் இருக்காது.

ஜனவரி 8, இரவு 9.10 | அண்ணா நகர்

மருத்துவர் வலி இல்லை என்று சொன்ன பிறகு தொடங்க வேண்டியது இது. போகி வரைக்கும் ஒன்றும் தொடங்காதீர்கள். விடியற்காலையில் புகையும் பிள்ளைகளின் மேளச் சத்தமும் இருக்கும். அன்று ஜன்னலைச் சாத்தி, ஃபேன் வைத்து, நாய் விரும்பும் மூலையிலேயே விட்டுவிடுங்கள்.

அடிப்படை இதுதான்: உங்கள் நாய் இன்னொரு நாயைப் பார்த்தும் தின்பண்டத்தை வாயில் வாங்கக்கூடிய தூரத்தைக் கண்டுபிடியுங்கள். சிலதுக்கு 15 மீட்டர், சிலதுக்கு 50. தெருவில் அவ்வளவு தூரம் கிடைக்காது. மொட்டை மாடியிலிருந்து கீழே பார்ப்பது, கதவு சாத்திய காருக்குள் இருந்து பார்ப்பது இரண்டும் நன்றாக வேலை செய்யும். உப்பு, மசாலா, எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி 30 துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் நாய் தெரிந்தால் ஒரு துண்டு. மறைந்தால் கையை மூடிவிடுங்கள். வரிசை மாறக்கூடாது: முதலில் நாய் தெரிய வேண்டும், பிறகு கோழி. கோழியைக் காட்டிக் காட்டி நாய் இருக்கும் பக்கம் இழுத்தீர்களானால் கோழி வந்தாலே ஏதோ வரப்போகிறது என்று கோழிக்கும் பயப்படும். பெரும்பாலோர் இதில்தான் தவறுகிறார்கள்.

ஒரு முறை 5 நிமிடம் போதும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, மூக்கை நக்குவது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிவது, எப்போதும் மெதுவாக வாங்கும் துண்டைக் கையோடு கவ்வுவது, இவை வந்தால் தூரம் குறைவு என்று அர்த்தம். பின்வாங்குங்கள். ஒருநாள் நன்றாகப் பயந்துவிட்டதென்றால் அடுத்த இரண்டு மூன்று நாள் பயிற்சியே வேண்டாம்.

நீங்களும் பயந்திருக்கிறீர்கள். நாய் தெரிந்ததும் கை தானாக லீஷை (பிடிகயிற்றை) இறுக்கும், மூச்சு நிற்கும். கழுத்தில் இறுகிய அந்த நொடியே உங்கள் நாய்க்குச் செய்தி. கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு மார்பு ஹார்னஸ், 6 அடி சாதாரண லீஷ். நீளும் சுருளும் வகை வேண்டாம். ஓடிவரும் நாயைக் கண்டு பூட்டுவதற்குள் உங்கள் நாய் 5 மீட்டர் போயிருக்கும்.

ஜனவரி 9, காலை 6.55 | திருவான்மியூர்

தெருநாய்கள் நெருங்கினால் உங்கள் நாயைத் தூக்கிக்கொள்ளுங்கள், சின்ன நாய்தானே. ஓடாதீர்கள்.

ஜனவரி 9, காலை 7.20 | அண்ணா நகர்

ஓடக்கூடாது, சரி. தூக்குவதைப் பற்றி ஒரு திருத்தம் அக்கா. மூன்று நாய்கள் பக்கத்தில் வந்துவிட்ட பிறகு நெஞ்சோடு தூக்கினால் அவை மேலே தாவும், கடி உங்கள் கையிலும் முகத்திலும் விழும். தூரத்தில் இருக்கும்போதே தூக்கிவிட்டு, முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்து போனால் நல்லது. நெருங்கிவிட்டால் நின்றிருக்கும் காரின் பானெட், காம்பவுண்டுச் சுவர், ஆட்டோ சீட் என்று உயரமான எதிலாவது ஏற்றிவிட்டு நீங்கள் குறுக்கே நில்லுங்கள்.

கையில் பட்டன் அழுத்தினால் விரியும் குடை வைத்திருங்கள். நாயை நோக்கி விரித்தால் அது பார்ப்பது திடீரென்று எழுந்த சுவர். பெரும்பாலானவை நிற்கும். கம்பு வைத்திருந்தால் தரையில் தட்ட மட்டும். அடித்தால் அடிபட்டது அடுத்த நாள் உங்களை நினைவு வைத்திருக்கும். ஒரு பிடி பிஸ்கட்டைப் பக்கவாட்டில் தூர வீசுவதும் பல சமயம் போதும், குனிந்து பொறுக்கும் நேரத்தில் நகர்ந்துவிடலாம்.

ஜனவரி 9, காலை 9.30 | திருவான்மியூர்

சரிதான், நெருங்கிய பிறகு தூக்குவதை நான் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது. பிஸ்கட் விஷயத்தில் ஒன்று: தினமும் அதே முனையில் வீசாதீர்கள். நாலாம் நாள் உங்களைப் பார்த்ததுமே ஓடிவரும்.

ஜனவரி 9, மதியம் 1.15 | பெரம்பூர்

ஏற்கெனவே கடித்துப் பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள், சதை கிழியும். வாளித் தண்ணீர், இரும்புக் கேட்டில் ஓங்கித் தட்டுவது, பெட்ஷீட்டை மேலே போடுவது. பின்கால்களைத் தூக்கி இழுக்கும் முறை இரண்டு நாய், இரண்டு ஆள் இருந்தால்தான். கூட்டமாக வந்தால் அது உங்களைத்தான் கடிக்க வைக்கும்.

வாசிக்கும் மற்றவர்களுக்காகக் காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், டர்பென்டைன் எதுவும் வேண்டாம். கால், தொடைக் காயமென்றால் மருந்துக்கடை நார்மல் சலைன் 500 மில்லி பாட்டிலை 20 மில்லி சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். மார்பிலும் வயிற்றிலும் ஓட்டை இருந்தால் கழுவவே கூடாது, தண்ணீர் உள்ளே போகும். ஈரமான சுத்தத் துணியால் மூடி உடனே கிளம்புங்கள். தோலைத் தொட்டால் காகிதம் மாதிரி நொறுநொறுவென்றால் அடியில் காற்று புகுந்திருக்கிறது. ஈறு வெளுத்திருந்தால் உள்ளே ரத்தப்போக்கு. இரண்டுமே நிமிடக் கணக்கு. இரவானால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்துக் கிளினிக்குக்கோ போன் செய்து, யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே புறப்படுங்கள்.

நம்ம ஊரில் ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். ஸ்பிட்ஸ் மாதிரி அடர்ந்த முடியில் வெளியே தெரியாது, நாற்றம்தான் காட்டிக்கொடுக்கும். காயத்தைச் சுற்றி முடியை வெட்டி, தினம் இரண்டு வேளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

ஜனவரி 25, இரவு 8.30 | நங்கநல்லூர்

எக்ஸ்ரேயில் எலும்பு சரி. தொடையில் நீர்க்கோப்பு இருந்தது, எடுத்துவிட்டார்கள், வலி மருந்து ஐந்து நாள். மாடியிலிருந்து சுமார் 25 மீட்டரில் நாயைப் பார்த்துக் கோழி வாங்குகிறது. கேட்டுக்கு வெளியே இன்னும் இல்லை. மூன்று வாரம் நெருங்குகிறது. மருந்து ஏதாவது கேட்கலாமா?

ஜனவரி 25, இரவு 9.15 | பெரம்பூர்

கேளுங்கள், தப்பே இல்லை. பயத்தைக் குறைக்கும் தினசரி மாத்திரை முழுப் பலன் காட்ட 4 முதல் 6 வாரம் ஆகும், ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. தீபாவளி மாதிரி ஒருநாளுக்கு மட்டும் கொடுப்பது வேறு வகை. வெறுமனே மயக்கிப் படுக்கவைக்கும் மருந்தென்றால் மறுத்துவிடுங்கள். உடம்பு அசையாது, பயம் அப்படியே இருக்கும்.

பிப்ரவரி 19, காலை 7.00 | நங்கநல்லூர்

நாயைப் பார்த்தும் கோழி வாங்கும் தூரம் 10 மீட்டர் ஆகிவிட்டது. மாலை 4 மணிக்குத் தெருவில் இரண்டு மின்கம்ப தூரம் நடக்கிறது, வால் மேலே. இப்போது இரண்டாவது நாய் பற்றிப் பேசலாமா? ராஜபாளையம் குட்டி வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 19, காலை 8.40 | அண்ணா நகர்

பேசலாம். ஆனால் எதற்காக எடுக்கிறீர்கள் என்பதை முதலில் வீட்டில் முடிவு செய்யுங்கள். காவலுக்கு என்றால் எடுக்காதீர்கள். வீட்டு நாய்கள் இரண்டு சேர்ந்து தெருவில் போனால் தெருநாய்க்கு அது எல்லைக்குள் வந்த வேற்றுக் கூட்டம், எதிர்ப்பு கூடும். வீட்டுக்குள் கூடப் படுக்க, விளையாட ஒரு துணை என்றால் நல்ல காரணம். நாய்கள் என்றாலே பயம் என்று ஆனதற்குத் தினமும் 24 மணி நேரமும் ஒரு சாதுவான நாயைப் பார்த்துக்கொண்டிருப்பது உதவவும் செய்யும்.

ஸ்பிட்ஸ் ஆண், ஆகவே பெண் நாய். ஒரே பால் ஜோடிகள், முக்கியமாக இரண்டு பெண்கள், ஒரே வீட்டில் சண்டை போடுவது அதிகம். வயது 2 முதல் 4. குட்டி எடுத்தால் உங்கள் நாயின் ஆறிய தொடையில்தான் நாள் முழுக்கத் தொங்கும். எடை 15 கிலோவுக்குள். ராஜபாளையம் வளர்ந்தால் 25 கிலோவைத் தாண்டும், விளையாட்டாக இடித்தாலே 9 கிலோ நாய் விழும். அந்த வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடும் உண்டு, எடுக்கிறவர்கள் குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 19, மதியம் 12.20 | திருவான்மியூர்

இந்த அளவுக்குப் பொருத்தமானது நம்ம நாட்டு நாய்தான். கருத்தடையான மூன்று வயதுப் பெட்டைகள் காப்பகங்களில் வருடக்கணக்காகக் காத்திருக்கின்றன. எல்லாரும் குட்டியைத்தான் கேட்கிறார்கள். வெயில் தாங்கும், முடிப் பராமரிப்பு இல்லை, வளர்ந்துவிட்டதால் குணம் தெரியும். உங்கள் நாயைக் கடித்தவற்றில் ஒன்று செவலை என்றீர்கள். செவலை நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள், நாய்கள் உருவத்தை நினைவு வைத்திருக்கும்.

பிப்ரவரி 19, மதியம் 12.45 | பெரம்பூர்

வீட்டுக்கு வருமுன் 14 நாள் தனியே. அப்போது உண்ணி பார்க்க வேண்டும், காது மடலுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும். சென்னையில் உண்ணிக் காய்ச்சல் அதிகம், ரத்தப் பரிசோதனையில் தட்டணு குறைந்திருந்தால் முதலில் சிகிச்சை. பார்வோ, டிஸ்டெம்பர் (இரண்டும் நாய்களுக்கு வரும் வைரஸ் நோய்) ஊசிச் சீட்டு கேளுங்கள். மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இரண்டுக்கும் தனித்தனி.

பிப்ரவரி 20, இரவு 9.00 | அண்ணா நகர்

சந்திப்பு உங்கள் வீட்டிலும் வேண்டாம், உங்கள் தெருவிலும் வேண்டாம். தெருநாய் இல்லாத, மதில் உள்ள இடம்: காலி அபார்ட்மெண்ட் பார்க்கிங், நண்பரின் தோட்டம். இரண்டு நாய், இரண்டு ஆள். 10 மீட்டர் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள். எதிரெதிராக வேண்டாம். 15 நிமிடத்தில் இடைவெளி தானாகக் குறையும். பின்பக்கத்தை மோந்து பார்க்க 3 விநாடி, கூப்பிட்டுப் பிரித்து மறுபடி நடை. லீஷ் தொங்கலாகவே இருக்கட்டும். முதல் நாள் அவ்வளவுதான். இப்படி மூன்று சந்திப்பாவது ஆன பிறகு வீட்டுக்கு.

வீட்டுக்குள் முதல் மாதம் ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கேட். தட்டு தனி அறையில், சாப்பிட்டதும் எடுத்துவிட வேண்டும். கட்டிலுக்கடி உங்கள் ஸ்பிட்ஸின் இடம், புதிது அங்கே நுழைய விடாதீர்கள். எலும்பு, மெல்லும் பொம்மை கொஞ்ச நாளைக்கு எதுவும் வேண்டாம்.

மார்ச் 22, காலை 6.40 | நங்கநல்லூர்

கறுப்பு, மூன்று வயது, 13 கிலோ, கருத்தடையானது. வந்து எட்டு நாள். தடுப்புக் கேட்டின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு வைத்துப் படுக்கின்றன. நேற்று தெருவில் குரைப்புச் சத்தம் வந்தபோது ஸ்பிட்ஸ் எழுந்தது, கறுப்பி எழவில்லை, அதைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. இன்று மாலை இரண்டையும் சேர்த்தே வாக்கிங் கூட்டிப்போகலாமா?

மார்ச் 22, காலை 7.05 | அண்ணா நகர்

தனித்தனியாக. குறைந்தது மூன்று மாதம். தெருநாய் ஓடிவந்தால் ஒரு கையில் இரண்டு லீஷும் மறு கையில் குடையும் பிடித்து ஒன்றும் செய்ய முடியாது. பயத்தில் உங்கள் நாய்கள் ஒன்றையொன்று கடிக்கும் ஆபத்தும் உண்டு. வெயில் ஏறிவிட்டது, மாலை 4 மணி நடையை 6க்கு மாற்றுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைக்க முடிந்தால் மட்டும் இறக்குங்கள். முதலில் ஸ்பிட்ஸ், அது திரும்பி வந்து தண்ணீர் குடித்த பிறகு கறுப்பி.